கார்டு இல்லாமல் லவுஞ்சுக்குப் போன மெஷினக்கா

தையல் மெஷினைப் பிரித்துப் போட்டு மறுபடி பூட்டத் தெரிந்த பெண் எங்கள் கடைத்தெருவில் ஒருவர்தான். அவருடைய பெயரைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. மெஷினக்கா என்றால் உடனே கை காட்டுவார்கள். என் ஜெராக்ஸ் கடைக்கும் அவருடைய பட்டறைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அந்தப் பக்கம் அவர் மோட்டாரை ஓட விட்டால் இந்தப் பக்கம் என் மேசையில் பேனா உருளும்.

அப்போது அவருக்கு நாற்பத்தேழு வயது. கணவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார், அளந்து பேசுகிற மனிதர். அதற்கு நான்கு வருஷங்களுக்கு முன்னால் அக்காவுக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டன. மற்றவர்கள் போல வாரத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் டயாலிசிஸ் மெஷினோடு படுத்துக் கிடந்தால் பட்டறையை யார் பார்ப்பது? வீட்டிலேயே செய்துகொள்கிற வகையை டாக்டரிடம் கேட்டு வாங்கினார். வயிற்றில் ஒரு சிறு குழாய் வைத்தார்கள். அதன் வழியாக இரண்டு லிட்டர் மருந்துத் தண்ணீரை உள்ளே விட வேண்டும். சில மணி நேரம் அது வயிற்றுக்குள் இருந்து உடம்பின் கழிவை இழுத்துக்கொள்ளும். பிறகு அதை வடித்துவிட்டுப் புதுப் பையை மாட்ட வேண்டும். ஒரு நாளைக்கு நான்கு தடவை, ஒவ்வொரு தடவையும் முக்கால் மணி நேரம்.

கேட்க எளிதாக இருக்கும். ஆனால் சுத்தம் என்றால் அப்படி ஒரு சுத்தம். கதவு சாத்தியிருக்க வேண்டும், ஃபேன் ஓடக் கூடாது, முகத்தில் மாஸ்க் வேண்டும், முழங்கை வரை சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். துளி அழுக்கு குழாயில் பட்டாலும் வயிறு சீழ் பிடித்துவிடும். முதல் வருஷம் ஒரு தடவை அப்படி ஆகி, பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்து வந்தார். அதற்குப் பிறகு பட்டறையின் பின்பக்கம் பலகை அடித்துத் தனியாக ஓர் அறை கட்டிக்கொண்டார். ஒரு ஆள் உட்கார்ந்து கால் நீட்டலாம், அவ்வளவுதான். "எலி வளையானாலும் தனி வளை வேணும் தம்பி" என்று என்னிடம் சொன்னார். மதியம் ஒன்றரைக்கு அந்தக் கதவு சாத்தினால் இரண்டேகால் வரை எப்பேர்ப்பட்ட வாடிக்கையாளரும் வெளியே ஸ்டூலில்தான் உட்கார வேண்டும்.

விஷயம் தொடங்கியது ஒரு துணி கம்பெனியில். அங்கே புதிதாக வந்த ஆறு மெஷின்களில் நூல் அறுந்துகொண்டே இருந்தது. மெஷின் விற்ற நிறுவனத்து ஆட்கள் இரண்டு முறை வந்து ஊசியை மாற்றினார்கள், மோட்டாரை மாற்றினார்கள், கடைசியில் தைக்கிற பெண்களுக்குக் கை சரியில்லை என்றார்கள். அக்காவைக் கூப்பிட்டார்கள். அவர் மெஷினை ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு பஞ்சுத் துணுக்கை எடுத்து நூல் போகிற வழியெல்லாம் மெதுவாகத் தடவிக்கொண்டு போனார். ஓர் இடத்தில் பஞ்சு சிக்கியது. மற்ற ஐந்து மெஷின்களிலும் அதே இடத்தில் சிக்கியது. வார்ப்பிலேயே கண்ணுக்குத் தெரியாத ஒரு பிசிறு. நெருப்புக்குச்சி அகல உப்புத்தாளால் தேய்த்துவிட்டு வந்துவிட்டார்.

இரண்டு மாதம் கழித்து அந்த நிறுவனத்திலிருந்து கடிதம் வந்தது. அவர்களுடைய தலைமை இடத்தில், வேறு நாட்டில், மெக்கானிக்குகளுக்கு ஆறு நாள் பயிற்சி. இந்தப் பக்கத்திலிருந்து ஒருவரைக் கூப்பிடுகிறார்கள், அது அவர்தான். டிக்கெட்டும் தங்கும் செலவும் அவர்கள் பொறுப்பு. முடித்து வந்தால் சுற்றுவட்டாரத்தில் அந்த மெஷின்களுக்கெல்லாம் சர்வீஸ் உரிமை. கடிதத்தை என் கடையில்தான் பிரின்ட் எடுத்தார். இரண்டு தடவை படித்துவிட்டு, எண்ணெய்க் கையால் தொட்ட மூலையைக் கத்தரித்து எறிந்துவிட்டு, மடித்து வைத்துக்கொண்டார்.

"போறேன்" என்றார். என்னிடம் ஆலோசனை கேட்கவில்லை, தகவல் சொன்னார்.

டயாலிசிஸ் நர்ஸ் மறுக்கவில்லை. தங்கப் போகும் ஓட்டலுக்கே மருந்துப் பைகளை முன்கூட்டி அனுப்பி வைக்க ஏற்பாடு உண்டு என்றார். சிக்கல் வழியில்தான். காலை ஐந்து மணிக்கு வீட்டில் ஒரு பை மாற்றிவிட்டுக் கிளம்பினால், மதியம் ஒரு மணிக்கு நடுவழி விமான நிலையத்தில் இறங்க வேண்டும். அடுத்த விமானம் மாலை ஏழரைக்கு. போய்ச் சேரும்போது இரவாகிவிடும்.

"நடுவுல ஒண்ணு கண்டிப்பா மாத்தணும்க்கா. விட்டா உங்களுக்கு உடனே கால் வீங்கும், மூச்சு வாங்கும். போன தடவ பார்த்தோம்ல?"

"ஏர்போர்ட்ல எங்க சிஸ்டர் மாத்துறது?"

"கழிப்பறைல மட்டும் வேண்டவே வேண்டாம். அங்க லவுஞ்சுன்னு ஒண்ணு இருக்கும். உள்ள தனி ரூம் கிடைக்கும்னு ஒரு பேஷன்ட் சொன்னாரு. அவரு கார்டு வச்சிருந்தாரு."

லவுஞ்ச் என்றால் என்ன என்று அன்று மாலை என் கம்ப்யூட்டரில் இருவருமாகப் பார்த்தோம். விமான நிலையத்துக்குள்ளேயே தனியாக ஒரு கூடம். மெத்தை நாற்காலி, சாப்பாடு, குளியலறை, சில இடங்களில் படுக்க ஓர் அறை. நல்ல கிரெடிட் கார்டு வைத்திருக்கிறவர்கள் அதைக் காட்டிவிட்டு உள்ளே போகிறார்கள். போட்டோவில் ஒருவர் காலை நீட்டிக்கொண்டு ஜன்னல் வழியாக விமானம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு வேண்டாம். கதவு சாத்துற மாதிரி ஒரு மூலை இருந்தா போதும்" என்றார் அக்கா.

முதலில் பேங்குக்குப் போனார். பதினோரு வருஷமாகக் கணக்கு வைத்திருக்கும் பேங்க். கிரெடிட் கார்டு பிரிவில் இருந்த பெண் சம்பள சீட்டு கேட்டாள்.

"எனக்கு நான்தான் முதலாளி. சீட்டு யாரு குடுப்பா?"

"அப்போ வருமான வரி பேப்பர் மூணு வருஷத்துக்கு வேணும் மேடம்."

"ரெண்டு வருஷத்துக்கு இருக்கு. அதுக்கு முந்தின வருஷம் ஆஸ்பத்திரில இருந்தேன்."

"மூணு இருந்தாத்தான் சிஸ்டம் எடுக்கும்."

சிஸ்டத்தோடு வாதாடி யார் ஜெயித்தார்கள்? திரும்பி வந்துவிட்டார். அடுத்த வாரம் அக்காவின் கொழுந்தனார் அவரைப் பார்க்க வந்தார். ஒரு கம்பெனியில் அதிகாரி. பையில் நாலைந்து கார்டு. "என் கார்டை எடுத்துட்டுப் போங்க அண்ணி, யாரு பார்க்கப் போறா?" என்று நீட்டினார். அக்கா வாங்கிக் கார்டின் முன்னும் பின்னும் பார்த்தார். விமான டிக்கெட்டில் இருக்கிற பெயரும் கார்டில் இருக்கிற பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று நாங்கள் முந்தின நாளே படித்திருந்தோம்.

"இதுல உங்க பேரு இருக்கு. நான் உங்கள மாதிரி மீசை வச்சுக்கிட்டா போகணும்?" என்று சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தார்.

அன்று அவருடைய கணவர் முதல்முறையாக வாயைத் திறந்தார். "எல்லாரும் கையை விரிச்சாச்சு. விட்டுடேன். வேற யாரையாவது அனுப்பச் சொல்லு. உடம்பு முக்கியம் இல்லையா?"

"உடம்பு முக்கியம்னுதாங்க ரூம் தேடுறேன்."

"கிடைக்கலன்னா?"

"கிடைக்கலன்னு எவனாவது சொல்லட்டும். இதுவரைக்கும் கார்டு இல்லன்னுதானே சொல்லிருக்காங்க."

அந்தப் பேச்சுக்குப் பிறகு அவருடைய தேடலின் போக்கே மாறிவிட்டது. கார்டைத் தேடுவதை நிறுத்திவிட்டு, கார்டு இல்லாதவர்கள் எப்படிப் போகிறார்கள் என்று தேட ஆரம்பித்தார். தினமும் மதியம் பை மாற்றி முடித்ததும் என் கடைக்கு வருவார். அவர் சொல்லச் சொல்ல நான் தட்டுவேன். விமான நிறுவனத்தில் உயர்ந்த வகுப்பு டிக்கெட் இருந்தால் உள்ளே விடுவார்கள். அவருடையது சாதா டிக்கெட். அக்காவுடைய பேங்கின் சாதாரண ஏடிஎம் கார்டுக்கே ஒரு சலுகை உண்டு என்று கண்டுபிடித்தோம். அது உள்நாட்டு விமான நிலையங்களுக்கு மட்டும். கடைசியில் சில லவுஞ்சுகள் யாராக இருந்தாலும் ஒரு தடவைக்குப் பணம் வாங்கிக்கொண்டு மூன்று மணி நேரம் உட்கார விடுகின்றன என்று தெரிந்தது. முன்பதிவும் செய்யலாம். நடுவழி விமான நிலையத்தில் அப்படி இரண்டு இருந்தன. ஒன்றை நான் அழுத்தப் போனேன்.

"இரு தம்பி. அது எங்க இருக்கு? வெளிய போற கதவுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

நல்ல வேளை கேட்டார். அது குடியேற்றச் சோதனையைத் தாண்டி வெளியே இருந்தது. விசா இல்லாமல் அங்கே போகவே முடியாது. இன்னொன்று உள்ளேயே, அவர் அடுத்த விமானம் ஏறப்போகிற அதே கட்டடத்தில் இருந்தது.

அதற்கும் உடனே பணம் கட்டவில்லை. முதலில் ஒரு மெயில் எழுதச் சொன்னார். அவருக்கு என்ன நோய், என்ன செய்ய வேண்டும், அதற்கு எவ்வளவு நேரம், என்ன இடம் என்று எல்லாவற்றையும் நாலே வரியில். பதில் வந்தது: உங்கள் அக்கறைக்கு நன்றி, எங்கள் வசதிகளைக் கீழே காண்க. கம்ப்யூட்டர் தானாக அனுப்பிய பதில். மறுபடி எழுதினோம். மறுபடி அதே நன்றி. ஏழாவது நாள் அவரே போன் போட்டார். ஆங்கிலம் தட்டுத் தடுமாறித்தான் வரும். ஆனால் கேட்க வேண்டிய கேள்விகளைச் சிட்டையில் எழுதி முன்னால் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் பதில் வரும் வரை அடுத்ததற்குப் போகவில்லை. எதிர்ப்பக்கம் இருந்தவருக்குப் பொறுமை போயிருக்க வேண்டும். கடைசியில் ஒரு மனிதர் கையெழுத்துப் போட்ட மெயில் வந்தது: எங்களிடம் கதவுள்ள குளியலறை உண்டு, முன்பதிவோடு வாருங்கள், உதவுகிறோம். அதை மூன்று பிரதி எடுக்கச் சொன்னார். தன் ஏடிஎம் கார்டிலிருந்து பணம் கட்டிப் பதிவு செய்தார்.

கிளம்புவதற்கு முந்தின வாரம் பட்டறையில் ஒரு கம்பியை வளைத்துக்கொண்டிருந்தார். கதவின் மேல் விளிம்பில் மாட்டினால் மருந்துப் பை தொங்க வேண்டும். முனைகளை வழவழவென்று தேய்த்து ரப்பர் போட்டார். "அங்க ஆணி அடிக்க விடுவாங்களா என்ன?" என்றார்.

இனி நடந்தது அவர் திரும்பி வந்து சொன்னது.

விமான நிலையச் சோதனையில் இரண்டு லிட்டர் தண்ணீர்ப் பையைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்கள். டாக்டர் கொடுத்திருந்த கடிதத்தைக் காட்டினார், விட்டார்கள். வளைத்த கம்பியைத்தான் கையில் வைத்து உருட்டி உருட்டிப் பார்த்தார்களாம். நடுவழி நிலையத்தில் இறங்கி லவுஞ்ச் வாசலுக்குப் போனபோது மணி ஒன்று நாற்பது. வாசலில் வரிசை நின்றது. வரவேற்பில் இருந்த பெண் பதிவுச் சீட்டைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள்.

"உங்க பதிவு இருக்கு. ஆனா உள்ள இடம் இல்ல. ரெண்டு மணி நேரம் கழிச்சு வாங்க."

"எனக்கு நாற்காலி வேண்டாம். ஒரு ரூம் முக்கால் மணி நேரத்துக்கு வேணும்."

மெயிலை எடுத்துக் காட்டினார். அவள் படித்தாள். முகம் மாறியது. மருத்துவ சம்பந்தமான எதையும் உள்ளே செய்ய அனுமதி இல்லை, மருத்துவ மையத்துக்குப் போங்கள் என்றாள்.

"அது வெளிய இருக்கு. எனக்கு விசா இல்ல. நான் விசாரிச்சுட்டேன். இந்த மெயில்ல கையெழுத்துப் போட்டவரைக் கூப்பிடுங்க."

"அவருக்கு இன்னிக்கு லீவு."

"அப்போ அவருக்கு மேல இருக்கிறவரு."

பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். ஒருவர் பெட்டியால் அவருடைய காலை இடித்தார். அக்கா ஓர் அடி தள்ளி நின்றார். வரிசையை விட்டுப் போகவில்லை. குரலையும் உயர்த்தவில்லை. எங்கள் கடைத்தெருவில் ஒருவரிடமும் அவர் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. ஆனால் நிற்க ஆரம்பித்தால் நின்றுகொண்டே இருப்பார். அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். இவர் அடிக்கவே மாட்டார், பக்கத்தில் நிற்பார், அம்மிக்கே சங்கடமாகிவிடும்.

இருபது நிமிஷம் கழித்து மேற்பார்வையாளர் வந்தார். நரைத்த தலை, களைத்த முகம். டாக்டரின் கடிதத்தை முழுக்கப் படித்தார். பிறகு கேட்டார்: "இங்க ஏதாவது ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?"

"ஒரு நாளைக்கு நாலு தடவ, நாலு வருஷமா நானேதான் பண்றேன். இங்க பண்ணாம போனாத்தான் ஆகும்."

மேற்பார்வையாளர் திரும்பி உள்ளே நடந்தார். அக்கா பின்னால் போனார். அவர் ஒரு குளியலறைக் கதவைத் திறந்து காட்டினார். பளிங்குத் தரை, பெரிய கண்ணாடி. யாரோ அப்போதுதான் குளித்துவிட்டுப் போயிருந்தார்கள். சுவரெல்லாம் நீராவி வழிந்தது, கூரையில் ஃபேன் உறிஞ்சிக்கொண்டிருந்தது, அதை நிறுத்த சுவிட்ச் இல்லை. அக்கா உள்ளே கால் வைக்கவில்லை.

இந்த இடத்தை அக்கா என்னிடம் இப்படிச் சொன்னார். "பயம் வந்துச்சு தம்பி. இவ்வளவு கஷ்டப்பட்டு ஒருத்தர் ரூம் காட்டுறாரு. இது வேண்டாம்னா கோபப்பட்டு வெளிய அனுப்பிடுவாரோன்னு தோணுச்சு. ஒரு நிமிஷம், இங்கயே பண்ணிடலாமான்னுகூட நினைச்சேன். அப்புறம் அந்தப் பதினெட்டு நாள் ஞாபகம் வந்துச்சு."

"சார், இது சரிப்படாது. ஈரம் இருக்கு, காத்து ஓடுது. காஞ்ச ரூம் வேணும்" என்றார் மேற்பார்வையாளரிடம்.

மேற்பார்வையாளர் அவரையே பார்த்தார். "படுக்குற ரூம் அஞ்சு இருக்கு. நாலுல ஆள் இருக்காங்க. அஞ்சாவது பூட்டியிருக்கு. கட்டில் உடைஞ்சிருக்கு."

"எனக்குக் கட்டில் வேண்டாம். கதவு போதும்."

சாவி எடுத்து வரப் போனார். ஒடுங்கிய அறை. ஒரு பக்கம் கால் ஒடிந்த கட்டில் சாய்ந்து கிடந்தது. ஒரு நாற்காலி, ஒரு மேசை, ஒரு பிளக். குளிர்காற்று வருகிற சல்லடை கூரையில் இருந்தது. அக்கா நாற்காலி மேல் ஏறி, கொண்டு போயிருந்த பாலிதீன் உறையை அதன் மேல் பரப்பி, நாலு பக்கமும் டேப் ஒட்டினார். மேற்பார்வையாளர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். அக்கா மேசையைக் கிருமிநாசினித் தாளால் இரண்டு முறை துடைத்தார். மருந்துப் பை வெதுவெதுப்பாக, அதை ஒரு சின்ன மின்சார மெத்தையில் சுற்றிப் பிளக்கில் செருகினார். நடைக்கு எதிரே இருந்த தொட்டியில் கை கழுவிவிட்டு வந்து, கதவை முதுகாலேயே தள்ளிச் சாத்தினார். மாஸ்க் போட்டார், மறுபடி கைக்கு மருந்து தேய்த்தார். கம்பி கதவின் மேல் கச்சிதமாக உட்கார்ந்தது.

வயிற்றிலிருந்த பழைய தண்ணீர் கீழே தரையில் வைத்த பைக்கு வடிய இருபது நிமிஷம். புதுசு இறங்கப் பத்து நிமிஷம். வெளியே சக்கரப் பெட்டிகள் உருள்கிற சத்தம், ஒலிபெருக்கியில் யாரையோ அவசரமாகக் கூப்பிடுகிற சத்தம். ஒரு தடவை யாரோ கைப்பிடியைத் திருப்பினார்கள். வெளியிலிருந்து ஒரு பெண் குரல், "ஆள் இருக்காங்க, அடுத்த ரூம் பாருங்க" என்றது. வரவேற்பில் இருந்த அதே பெண். யார் சொல்லி வந்து நின்றாள் என்று அக்காவுக்குத் தெரியாது. முடித்துவிட்டு வெளியே வந்தபோது அவள் அங்கே இல்லை.

வடித்த பையைக் கழிப்பறையில் கொட்டி, காலிப் பையை மடித்துக் கட்டிக் குப்பையில் போட்டார். கூரையில் ஒட்டிய உறையைப் பிரித்து, டேப் ஒட்டிய தடத்தைத் துடைத்தார். பிறகுதான் கூடத்துக்குள் போய் உட்கார்ந்தார். இடம் காலியாகியிருந்தது. அவர் சாப்பிடக் கூடாத சாப்பாடாகவே வரிசையாக வைத்திருந்தார்களாம். உப்பில்லாத ரொட்டித் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, வீட்டுக்குப் போன் செய்தார்.

"மாத்திட்டேன்" என்றார்.

கணவர் பஸ்ஸை ஓரங்கட்டி நிறுத்தியிருந்திருக்க வேண்டும். எதிர்ப்பக்கம் ஹாரன் சத்தம் கேட்டது. "சரி. சாப்பிட்டியா?" என்றார்.

பயிற்சியில் மொத்தம் பதினாறு பேர். பதினைந்து பேர் ஆண்கள். முதல் நாளே மதியம் ஒன்றரைக்குத் தனக்கு முக்கால் மணி நேரம் வேண்டும், அந்த நேரத்துப் பாடத்தை மாலையில் சொல்லிக் கொடுங்கள் என்று ஆசிரியரிடம் சொல்லிவிட்டார். காரணத்தையும் மறைக்கவில்லை. கடைசித் தேர்வில் அவருக்கு முதலிடமெல்லாம் கிடைக்கவில்லை, நாலாவது இடம். முதல் மூன்று பேரைப் பற்றிக் கேட்டால், "அவங்க கெட்டிக்காரங்கதான்" என்று ஒப்புக்கொள்வார். சர்வீஸ் உரிமை கிடைத்தது. இப்போது பட்டறையில் இரண்டு பெண்கள் வேலைக்கு இருக்கிறார்கள்.

இதையெல்லாம் நர்ஸிடம் சொன்னதும் அவர் மற்ற நோயாளிகளிடம் சொல்லிவிட்டார். வெளியூர்ப் பயணம் என்றாலே முடியாது என்று இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பட்டறைக்கு வர ஆரம்பித்தார்கள். மகள் வீட்டுக்குப் போக வேண்டும் என்று ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார் வந்தார். கார்டு இல்லையே என்றார். "கார்டு கிடக்கட்டும் சார். எந்த ஏர்போர்ட்டு, எத்தன மணி நேரம், எந்தப் பக்கம் இறங்குறீங்க? அதச் சொல்லுங்க முதல்ல" என்று அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டார். வாத்தியார் போய்விட்டு வந்தார்.

எல்லா இடத்திலும் நடந்துவிடவில்லை. மறு வருஷம் அக்காவே இரண்டாவது பயிற்சிக்கு வேறு வழியாகப் போனார். அந்த லவுஞ்சில் பதிவு, கடிதம், மெயில் எதையும் காதில் வாங்கவில்லை, வாசலோடு அனுப்பிவிட்டார்கள். கைக்குழந்தைத் தாய்மார்களுக்கான அறையை ஒரு துப்புரவுத் தொழிலாளி அம்மா திறந்துவிட்டு வெளியே காவல் நின்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு பயணத்துக்கும் இரண்டு இடமாவது கையில் வைத்துக்கொண்டுதான் கிளம்புவது என்று அக்கா முடிவு செய்துவிட்டார்.

போன வாரம் கூட என் கடைக்கு வந்தார். எங்கள் தெருக்கோடியில் இருக்கிற ஒரு பெண்ணுக்கு இதே சிகிச்சை தொடங்கியிருக்கிறது. வெளிநாட்டில் வேலை பார்க்கிற கணவனைப் பார்க்கப் போக வேண்டுமாம். அக்கா கை முழுக்க எண்ணெய். எதையும் தொடாமல் முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டு, எந்த விமான நிலையத்துக்கு எழுத வேண்டும் என்று சொன்னார். நான் தட்ட ஆரம்பித்தேன். தயவுசெய்து, பணிவுடன், தாழ்மையுடன் என்று முதல் வரியிலேயே மூன்றையும் போட்டிருந்தேன். எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"மரியாதையா எழுது தம்பி. கெஞ்ச வேண்டாம்."